மருத்துவச்சி அறைக்கு வந்த பொலிஸ்

பரிமளம் அன்று காலையில் ஓர் அப்பத்தைக் கரியாக்கிவிட்டாள். பாலத்தடிக் கடைவீதியில் அவள் அப்பக்கடை போட்ட நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. கடைக்குள் புகை சூழ்ந்து, சாப்பிட வந்தவர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். அவளோ சட்டியைக் கவனிக்காமல் புருஷன் அழகுமுத்துவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“திருப்பிச் சொல்லுங்க.”

“எத்தன தடவ சொல்றது? மாத்தள கச்சேரி ஆபீசுக்குச் சாமான் இறக்கப் போனப்ப காதால கேட்டுட்டு வாறேன். நம்ம வீதிக்குப் பொலிஸ் போடப் போறாங்க. ஒரு சார்ஜனும் அவருக்குக் கீழ நாலஞ்சு ராளாமிமாரும். அவங்க சம்பளத்துக்கு, சாப்பாட்டுக்கு எல்லாம் நம்மகிட்டயே வீட்டுக்கு வீடு வரி.”

“அது கேட்டுச்சு. தங்கப்போறது எங்கன்னு சொன்னீங்க?”

அழகுமுத்து தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். மாட்டுவண்டி ஓட்டுகிறவன். எந்த மேட்டிலும் மாட்டை அதட்டி ஏற்றிவிடுவான். பெண்சாதியிடம் கெட்ட செய்தி சொல்வதென்றால் மட்டும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“நம்ம மருத்துவச்சி அறையில,” என்றான்.

பரிமளம் கரிந்த அப்பத்தைச் சுரண்டி வெளியே வீசினாள். “வரட்டும், பாத்துக்கலாம்,” என்றாள். சொல்லும்போதே அவள் கை, எட்டு மாதத்தைத் தாண்டியிருந்த வயிற்றின்மேல் தானாகப் போய் உட்கார்ந்தது.

பாலத்தடி என்பது இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் பாதையில், ஆற்றுப்பாலத்தை ஒட்டிய ஒற்றை வீதி. தமிழரும் முஸ்லிம்களும் கடைக்குக் கடை கலந்து இருந்தார்கள். மேலே மலையில் தேயிலைத் தோட்டங்கள். கீழே, வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கு நாலு கொக்கோ மரம். மலேரியாக் காய்ச்சல் வந்து ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன மறு வருஷம் அது.

பரிமளத்தின் தலைப்பிள்ளை பிறந்தது அழகுமுத்துவின் வண்டிக்குள். மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அடைமழையில், சக்கரம் சேற்றில் புதைந்து நின்ற இடத்திலேயே பிறந்தது. கொடியை எப்படி அறுப்பது, மூச்சை எப்படி வரவழைப்பது என்று தெரிந்தவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அவள் மடியிலிருந்த குழந்தை குளிர்ந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகுதான் வீதியே ஒன்றுகூடி முடிவெடுத்தது. நனையாத ஓர் அறை இருந்தால், படித்த மருத்துவச்சியை அனுப்பி வைக்கிறோம் என்று சுகாதாரப் பகுதியார் சொன்னார்கள். ஆற்றிலிருந்து கல் சுமந்தது ஆண்கள். மண் குழைத்தது பெண்கள். கொத்தன் இருளாண்டி கூலி வாங்காமல் சுவர் எழுப்பினான். கொக்கோ வியாபாரி அப்துல் ஸமத் முதலாளி தன் பழைய ஸ்டோரைப் பிரித்து ஓடு கொடுத்தார். போன மாதந்தான் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். சுவரின் ஈர வாசம்கூட இன்னும் போகவில்லை.

பொலிஸ் வரக் காரணம் கொக்கோ. தங்கள் மரங்களில் காய் களவு போகிறது, வாங்குகிறவர்கள் பாலத்தடிக்காரர்கள் என்று தோட்டத்துத் துரைமார் எழுதிப்போட்டிருந்தார்கள். பாலத்தடியில் கொக்கோக் கொட்டை காயாத முற்றமே இல்லை. எந்தக் கொட்டை எந்த மரத்தது என்று யார் சொல்வது? ஆகவே வீதி முழுவதும் கள்ளர் என்று ஆயிற்று. களவு கூடின ஊருக்கு விசேஷ பொலிஸ் போட்டு, அந்தச் செலவை அந்த ஊரார் தலையிலேயே கட்டுவதற்குச் சட்டத்தில் இடமிருந்ததாம்.

மறுநாள் பின்னேரம் அப்துல் ஸமத் முதலாளியின் ஸ்டோர் முற்றத்தில் கூட்டம். அவர்தான் கிராமக் கமிட்டித் தலைவர். வரியை வசூலித்துக் கட்டவேண்டிய பொறுப்பும் அவருடையதே. தும்பைப்பூப் போன்ற சட்டையும் துருக்கித் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இங்க பாருங்க. கச்சேரி ஏஜண்ட் துரை என்னைக் கூப்பிட்டுப் பேசினாரு. மறுக்க ஏலாம போச்சு. நல்லா யோசிச்சுப் பார்த்தா நமக்கும் நல்லதுதான். கடை கண்ணி வச்சீக்கிற ஊரு. பொலிஸ் இருந்தா பயமில்லாம ஈக்கலாம்.”

“யாருக்குப் பயம் முதலாளி?” என்றான் இருளாண்டி. “என் வீட்டுல களவெடுக்க வர்றவன் பாவம்னு அவனே ஏதாச்சும் வச்சிட்டுப் போவான்.”

கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

பரிமளம் பெண்கள் பக்கமிருந்து எழுந்தாள். “முதலாளி, நான் ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு. வேணாம்னா விடவா போறே?”

“நாங்க கட்டின அறையில அவங்க தூங்குவாங்க. நாங்க குடுக்கிற காசுல சாப்பிடுவாங்க. எங்க முத்தத்துல வந்து, இது களவு எடுத்த கொட்டையான்னு எங்களையே கேப்பாங்க. நம்மள உதைக்கிற காலுக்கு நாமளே சப்பாத்து வாங்கிக் குடுக்கணுமா?”

“பெரிய பேச்சுப் பேசாதே புள்ள. அறை கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் இன்னொண்ணு கட்டலாம்.”

“எனக்குக் கொஞ்ச நாள் இல்லீங்க முதலாளி,” என்று பரிமளம் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். “இதுகிட்ட நீங்க தவணை பேசுறதுன்னா பேசிப் பாருங்க.”

வீட்டு வாசல் திரைக்குப் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் மகள் ஸைனம்பு. அவளும் நிறைமாதக்காரி. பரிமளமும் அவளும் சிறுபிள்ளையில் ஒன்றாய் ஆற்றில் மீன் பிடித்தவர்கள். முதலாளி திரையைத் திரும்பி முறைத்துப் பார்த்தார். திரை ஆடியதே தவிர சிரிப்பு நிற்கவில்லை.

வரி கட்டுவதில்லை என்று அன்றைக்கு ஏறக்குறைய எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அறை? திங்கட்கிழமை பொலிஸ் வந்து பெட்டியை இறக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. உள்ளே போன பொலிஸ் வெளியே வந்ததாகப் பரிமளம் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

“அப்ப நாம முதல்ல போயிருவோம்,” என்றாள்.

மறுநாள் காலையிலேயே அவளும் இன்னும் சில பெண்களும் பாய், பானை, குழந்தை குட்டிகளோடு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அழகுமுத்து அப்பக்கடையில் தனியாக மாவோடு போராடினான். அவன் சுட்ட அப்பத்தைச் சாப்பிட்டவர்கள், போராட்டம் சீக்கிரம் முடியவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை சார்ஜன் இடத்தைப் பார்த்துப் போக வந்தார். பெயர் ஸக்கரியா. மலாய்க்காரர். மீசையும் இடுப்புப் பட்டையும் ஒரே மினுமினுப்பு. கதவருகில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அறை முழுக்கப் பெண்கள். ஒருத்தி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருத்தி மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சிமாரே, இது அரசாங்கம் எடுத்த இடம். திங்கக்கிழமைக்கு முந்தி வெளிக்கிட்டுருங்க.”

“அரசாங்கம் எப்ப மண் சுமந்துச்சு? நான் பாக்கலியே,” என்றாள் பரிமளம்.

“எனக்கு உத்தரவு. வெளிக்கிடாட்டி தூக்கித்தான் வெளியில வைக்கணும்.”

“என்னத் தூக்குறதுன்னா ரெண்டு பேரா வாங்க சார்ஜன். நானே என்னத் தூக்க முடியாமத்தான் இங்க உக்காந்திருக்கேன்.”

சார்ஜனுக்கு மீசைக்கடியில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஆனால் அவர் வார்த்தையை மாற்றவில்லை. அன்று சாயந்திரம் சில பெண்களின் புருஷன்மார் வந்து, ஜெயிலுக்கெல்லாம் போக முடியாது என்று சொல்லி அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பரிமளம் யாரையும் திட்டவில்லை. மிச்சமிருந்தவர்களுக்குச் சோறு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் பின்வேலிப் படலைத் திறந்துகொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி ஒரு பெண் வந்தாள். வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“பரிமளக்கா, எனக்கு வலி புடிச்சீக்கிது.”

“அடியே ஸைனம்பு! வாப்பா கார் பேசி வச்சிருக்காரே, ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க எதுக்கு வந்தே?”

“அவருக்குக் கார் பேசக் காசு ஈக்கிது. இந்த வீதியில வேற யாருக்கு ஈக்கிது? நான் இங்கதான் பெறுவேன். பெத்த எடத்துலதான் நாப்பது நாளும் கழிப்பேன். எவன் வந்து என்ன எழுப்புறான்னு பாக்குறேன்.”

பரிமளம் அவளைக் கைத்தாங்கலாகப் பாயில் உட்காரவைத்தாள். பிறகு வாசலுக்கு ஓடி, “மாட்டைப் பூட்டுங்க!” என்று வீதிக்கே கேட்கும்படி கத்தினாள். அழகுமுத்து மாவுக்கையோடு வண்டியில் ஏறினான். மேட்டிலும் பள்ளத்திலும் அவன் மாட்டை அப்படி விரட்டியதை அதற்கு முன் ஒருவரும் பார்த்ததில்லை. மாத்தளையிலிருந்து அவன் கூட்டிவந்த சந்திரகாந்தா என்ற சிங்கள மருத்துவச்சி, வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். “நல்ல அறை. சுடுதண்ணி வைங்க,” என்றாள். பொழுது சாயும் நேரத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த உடனே வீதி அதிர அழுதது.

முதலாளி வந்தார். மகள்மேல் இருந்த கோபத்தில் தொப்பிகூடப் போட மறந்திருந்தார். உள்ளே வர முடியாதே, சன்னலருகில் நின்றார். பரிமளம் குழந்தையைத் துணியில் சுற்றிச் சன்னல் வழியாக நீட்டினாள். அவர் திட்ட வந்ததை விட்டுவிட்டு, குனிந்து, பேரனின் காதில் பாங்கு சொன்னார். சொல்லி முடித்தும் குழந்தையைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

திங்கட்கிழமை காலை. தகரப் பெட்டிகளும் பாய்ச்சுருள்களும் ஏற்றிய வண்டியோடு சார்ஜனும் ராளாமிமாரும் வந்து நின்றார்கள். அறைவாசலில் வேப்பிலைக்கொத்து கட்டியிருந்தது. உள்ளேயிருந்து பெருங்காயமும் பூண்டும் வதங்குகிற வாசம். முன்னால் வந்த சிங்கள ராளாமி வேப்பிலையைக் கண்டதும் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டான்.

“சார்ஜன் மஹத்தயா, இது கிலி, ஆகாது. புள்ள பெத்த வீடு. நான் உள்ளுக்குப் போறதில்ல.”

தமிழ் ராளாமி ஒருவன் இருந்தான். அவனும் ரெண்டடி பின்னால் போனான். “எங்கள்ல அதத் தீட்டும்பாங்க ஐயா. எங்க ஆத்தா என்ன வீட்டுக்குள்ள விடாது.”

சார்ஜன் வாசலுக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைத்தார். “யாரு உள்ளுக்கு?”

“ஸைனம்பு. கமிட்டித் தலைவர் மகள்,” என்றாள் பரிமளம் வாசற்படியில் உட்கார்ந்தபடி. “நாப்பது கழியணும். உங்க வீட்டுப் பொம்பளைகள நாப்பதுக்குள்ள யாராச்சும் தூக்கி வெளியில வைப்பாங்களா சார்ஜன்?”

சார்ஜன் தொப்பியைக் கழற்றி, உள்புறத்தைப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். “பெட்டியை ஏத்துங்க,” என்றார் ஆட்களைப் பார்த்து.

எங்கே தங்குவது? பொலிசுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏஜண்ட் துரையிடம் வாக்குக் கொடுத்திருந்தவர் முதலாளி. ஆகவே பெட்டிகள் அவருடைய கொக்கோ ஸ்டோருக்குள் போயின.

முதல் சில நாள் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன்பிறகு ராளாமிமார் ஸ்டோருக்குள்ளேயே கருவாடு பொரித்தார்கள். சுருட்டுப் பிடித்தார்கள். சப்பாத்துக்கு மை போட்டார்கள். காய்ந்த கொக்கோக் கொட்டை பக்கத்திலிருக்கிற வாசத்தையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொழும்புக்குப் போன மூட்டைகள், கருவாட்டு நாற்றம் என்று திரும்பி வந்தன. போதாக்குறைக்கு, முற்றத்தில் நின்ற மூட்டை ஒன்றுக்குப் பெர்மிட் இல்லையென்று ஓர் இளம் ராளாமி முதலாளியின் பேரிலேயே வழக்கு எழுதிவிட்டான்.

“என் வீட்டுல தின்டுட்டு என் பேர்லயே வழக்கா?” என்று முதலாளி குதித்தார்.

“கடமை முதலாளி,” என்றான் அவன், அவர் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே.

வீதி அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஓயவில்லை. ஆனால் பரிமளத்தின் கணக்கு ஓரிடத்தில் பிசகிப்போயிற்று. ஸைனம்புவின் நாற்பது முடிவதற்குள் தனக்குப் பிறந்துவிடும், அப்படியே தன்னுடைய தீட்டு தொடங்கிவிடும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். மருத்துவச்சியும் அப்படியே சொல்லியிருந்தாள். நாற்பதும் வந்தது. ஸைனம்பு தலைமுழுகினாள். பரிமளத்தின் பிள்ளை மட்டும் வெளியே வருகிற வழியாக இல்லை.

“யாருக்கும் அடங்காத புள்ள. ஒன்னப் போல,” என்றாள் ஸைனம்பு.

“சிரிக்காதடி. வேப்பிலையை அவுத்தாச்சு. அறையைக் கேட்டு நாளைக்கு ஏஜண்ட் துரையே வர்றாரு.”

அன்று சாயந்திரம் அவள் வீடு வீடாகப் போனாள். பாதம் வீங்கியிருந்தது. நடந்துதான் போனாள். “இதுவரைக்கும் வேப்பிலை காவல் நின்னுச்சு,” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். “நாளைக்கு நாம நிக்கணும்.” முன்பு பெண்சாதியைக் கூட்டிப்போன புருஷன்மார் தலையைக் குனிந்துகொண்டு, வருகிறோம் என்றார்கள்.

காலையில் ஏஜண்ட் துரையின் கார் பாலத்தைத் தாண்டி வந்தபோது, அறைக்கு முன்னால் பாதை தெரியவில்லை. அடுப்பு வைத்த கடை ஒன்றுவிடாமல் மூடிவிட்டு வீதியே வந்து உட்கார்ந்திருந்தது. மேலே தோட்டத்திலிருந்தும் கொழுந்துக் கூடையோடு சில பெண்கள் இறங்கி வந்து நின்றார்கள். துரை உயரமானவர், இளம் வயது. பேச்சை மொழிபெயர்க்கக் கச்சேரி உத்தியோகத்தர் முதலியார் கூட வந்திருந்தார்.

“நாற்பது நாள் முடிந்துவிட்டதாம். அறையை விடவேண்டும் என்கிறார் துரை,” என்றார் முதலியார்.

பரிமளம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். “நான் இன்னும் பெறலீங்க.”

“பேறுகாலத்துக்கு மாத்தளையில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்கிறார்.”

“போயிருக்கேன்னு சொல்லுங்க. புள்ளதான் உசிரோட போய்ச் சேரல.”

முதலியார் அதை எப்படிச் சொன்னாரோ, துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் பேச்சை விடவில்லை. களவு நடக்கிற ஊருக்குக் காவல் வேண்டாமா என்று கேட்டார்.

“களவெடுத்தவனப் புடிங்க, நாங்க குறுக்க வரல. மாத்தளையில பொலிஸ் இருக்கு, கூப்பிட்டா வரும். எடுக்காதவன் வீட்டுக் காசுல, எடுக்காதவன் வாசல்ல எதுக்குக் காவல்? எங்க காசு எங்க மருத்துவச்சிக்கு வேணும். இந்த வரி ஒரு சதம் கட்டமாட்டோம். இந்த அறையும் விடமாட்டோம்.”

துரை, கமிட்டித் தலைவர் எங்கே என்று கேட்டார். அப்துல் ஸமத் முதலாளி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். தோளில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், எல்லாம் போயிற்று.

“துரை, இந்த வரியை நான் வசூலிக்க மாட்டேன்,” என்றார். “தலைவர் வேலைய வேணும்னா வேற யாருக்காச்சும் குடுங்க. பொலிச வேணும்னு சொன்னது நான்தான். எனக்குப் புத்தி வந்துட்டுது. எல்லாரையும் போல நானும் கட்டுறதில்ல.”

வேறு யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று துரை சுற்றிலும் பார்த்தார். இருந்த இடத்தைவிட்டு ஒருவர் அசையவில்லை. அப்படியானால் பொலிசை வைத்தே வசூலிக்க வேண்டியிருக்கும் என்றார், குரல் சற்று உயர்ந்து.

இருளாண்டி கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். “நல்லதுங்க துரை. பொலிசுக்கு வரி வசூலிக்க ஒரு பொலிஸ். அந்தப் பொலிசுக்கும் வரி போடுவீங்க. அத வசூலிக்க இன்னொரு பொலிஸ். கடைசியில வீதியில பொலிஸ்தான் இருக்கும், வரி கட்டத்தான் ஆள் இருக்காது.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. முதலியார் மொழிபெயர்க்கத் தொடங்கி நடுவில் நிறுத்தினார். சார்ஜன் ஆற்றைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரை சிரிக்கவில்லை. சார்ஜனை அருகில் அழைத்து, இதுவரை எத்தனை கொக்கோக் கள்ளரைப் பிடித்தீர் என்று கேட்டார்.

“ஒரு வழக்குத்தான் துரை,” என்றார் சார்ஜன். “கமிட்டித் தலைவர் மேல.”

துரை அந்தப் பக்கம் திரும்பி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற கள்ளரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முதலியாரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். முதலியார் அதைச் சத்தமாகச் சொன்னார்: பொலிஸ் மாத்தளைக்குத் திரும்பும். வரி நிறுத்திவைக்கப்படும். அறை இப்போதைக்கு அப்படியே இருக்கும்.

“இப்போதைக்குன்னா என்னங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“நாம உக்காந்திருக்கிற வரைக்கும்னு அர்த்தம்,” என்றாள் பரிமளம்.

ராளாமிமார் பெட்டிகளை ஏற்றினார்கள். முதலாளி ஸ்டோர்க் கதவு சன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்தார். வண்டி பாலத்தைத் தாண்டி மறைந்த பிறகுதான் பரிமளம் உள்ளே போய்ப் பாயில் படுத்தாள். இரண்டு நாள் கழித்து, நல்ல மழையில், அவளுக்கு வலி கண்டது. சந்திரகாந்தா இந்தமுறை முன்கூட்டியே வந்து அறையில் தங்கியிருந்தாள். கொடியை அறுத்தாள். குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். அது கத்தியது.

வெளியே தாழ்வாரத்தில் அழகுமுத்து நனைந்துகொண்டு நின்றான். அவனோடு பாதி வீதி நின்றது.

“என்ன புள்ள?” என்று இருளாண்டி கேட்டான்.

“பொண்ணு,” என்றாள் ஸைனம்பு கதவைச் சற்றே திறந்து. “தாயும் புள்ளயும் சொகம். அழகுமுத்தண்ணே, ஒங்களுக்குப் பரிமளக்கா ஒண்ணு சொல்லச் சொன்னா.”

அழகுமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். “என்ன சொன்னா?”

“மூலையில கூரை ஒழுகுதாம். எல்லாரும் சும்மாதானே நிக்கிறாங்க, ஏறி ஓட்டைச் சரிபண்ணட்டுமாம். சந்திரகாந்தா நோனாவ மாசம் முழுக்க இங்கயே இருக்க விடச்சொல்லி அடுத்த வாரம் கச்சேரிக்குப் போகணுமாம், வண்டியையும் தயார் பண்ணட்டுமாம்.”

இருளாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி தேடப் போனான்.